சக்கரத்துக்குள் இருக்கும் குண்டுகள்
(கைவேலைப் பாடம்)

குமுளியில் மழைக்காலம் இரண்டு. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை மேற்கிலிருந்து வந்து நனைக்கிறது. அது ஓய்ந்து நாம் நிமிர்வதற்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை கம்பம் பள்ளத்தாக்குப் பக்கமிருந்து ஏறி வந்துவிடுகிறது. மழை விட்டதும் கூரை ஓடு, சுவர், மிளகுக்கொடி, துணிமணி என்று எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துச் சரி செய்கிறோம். தாழ்வாரத்தில் சாத்தி வைத்திருந்த சைக்கிளுக்கு மட்டும் காற்றடித்து, செயினுக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டு, எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். செயின் துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரிகிறது. சக்கரத்தின் நடுவே ஹப்புக்குள் மூடிக் கிடக்கும் குண்டுகளுக்குள் தண்ணீர் போனால் யாருக்கும் தெரிவதில்லை.

நம் ஊரில் இதை அலட்சியமாக விட முடியாது. குமுளி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கம்பம் ஏறத்தாழ 400 மீட்டர். நடுவே இருக்கும் அரைக் கிலோமீட்டர் உயரத்தின் பெரும்பகுதியை லோயர் கேம்ப் வரையிலான மலைச்சாலை, வளைவுக்கு மேல் வளைவாக இறக்கிவிடுகிறது. பென்னிகுயிக் கட்டி 1895-ல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் குழாய்களில் இறங்கும் அதே மலைச்சரிவில்தான், கூடலூரில் தாத்தா பாட்டியைப் பார்க்கப் போகிறேன் என்று நம் பிள்ளைகள் சைக்கிளில் இறங்குகிறார்கள். திரும்பி வரும்போது ஜீப்பின் மேல் கட்டிக்கொண்டு வருவார்கள். ஆகையால் ஏற்றம் பற்றிக் கவலை இல்லை. இறக்கம்தான் கவலை.

ஹப்பில் ஆட்டம் கொடுத்த சக்கரம் நேராக உருளாது. பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும். வளைவில் வண்டி சாயும்போது ரிம் ஒரு பக்கமாக ஒதுங்கும். அந்த நேரத்தில் பிரேக்கைப் பிடித்தால் ஒரு கட்டை முந்தி உரசும், மற்றது பிந்தும். சமதரையில் இது வெறும் சத்தமாகத்தான் இருக்கும். மலைச்சாலையில் எதிரே சபரிமலைக்குப் போகிற பேருந்து வரும்போது அது சத்தத்தோடு நிற்காது.

முன்பெல்லாம் இந்த வேலையை நாம் செய்ய வேண்டியதில்லை. கம்பம், போடி, தேனி என்று எந்த ஊருக்குப் போனாலும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சைக்கிள் கடை இருக்கும். அங்கே பனியன் போட்ட ஒரு பையன், ஒரு டின் மண்ணெண்ணெயில் குண்டுகளைக் கொட்டிக் கழுவிக் கொண்டிருப்பான். ஆண்டுக்கு ஒருமுறை வண்டியைக் கொண்டுபோய் 'ஓவராயிலிங்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தக் கடைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன; இருந்தவர்களும் மோட்டார் சைக்கிள் வேலைக்கு மாறிவிட்டார்கள். சைக்கிள் மட்டும் மறையவில்லை. தமிழ்நாடு அரசு 2001-02-ல் ஒரு பகுதி மாணவிகளுக்கு என்று தொடங்கிய விலையில்லாச் சைக்கிள் திட்டம், 2005-06 முதல் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்தது. அக்கா பிள்ளை படித்து முடித்த பிறகு அந்த வண்டி மலையேறி நம் வீட்டுக்கு வந்து சேர்கிறது. வண்டி வருகிறது, அதைப் பார்க்கிற கை வருவதில்லை. அந்தக் கையை வீட்டிலேயே பழக்கிக்கொள்ளத்தான் இந்தப் பாடம். மிதிக்கத் தெரிந்த பெண் பிள்ளைகளும் இதைக் கற்றுக்கொள்ளட்டும். இதில் பலத்துக்கு வேலை குறைவு, விரலுக்குத்தான் வேலை.

உள்ளே என்ன இருக்கிறது

சக்கரத்தின் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் நடு உருளைதான் ஹப். அதன் இரு முனைகளிலும் உள்பக்கமாகக் கிண்ணம் போன்ற ஒரு பகுதி உண்டு. அதைக் கப் என்கிறோம். ஹப்பின் நடுவே ஒரு இரும்பு அச்சு செல்கிறது. அச்சின் மேல் நீளம் முழுவதும் மரை வெட்டியிருக்கும். அந்த மரையில் இரு பக்கமும் கோன் என்னும் ஒரு துண்டு ஏறி நிற்கும். ஆணி பிடுங்கிய பம்பரத்தின் அடிப்பகுதியை நினைத்துக்கொண்டால் கோனின் உருவம் கிடைத்துவிடும். சரிவான பக்கம் கப்பை நோக்கி இருக்கும். கப்புக்கும் கோனுக்கும் நடுவே வட்டமாகக் குண்டுகள். கோன் தானாக நகராமல் இருக்க அதன் வெளிப்பக்கம் ஒரு வாஷரும் லாக் நட்டும். எல்லாவற்றுக்கும் வெளியே, சக்கரத்தை வண்டியோடு பிடிக்கும் பெரிய நட்டு.

பிள்ளைகளின் அறிவியல் பாடநூலில் இதற்குப் பந்துத் தாங்கி என்று பெயர். நழுவும் உராய்வைவிட உருளும் உராய்வு குறைவு என்று அங்கே ஒரு வரியில் எழுதியிருக்கும். பரீட்சைக்கு அந்த வரி போதும். கைக்குப் புரிய வேண்டுமானால் ஒரு பலகையைத் தரையில் வைத்து, அதன் மேல் ஒரு பையனை உட்கார வைத்து இழுக்கச் சொல்லுங்கள். பிறகு பலகையின் கீழே பத்துக் கோலிக் குண்டுகளைப் போட்டு இழுக்கச் சொல்லுங்கள். காட்டில் மரத்தடியை உருளைக் கட்டைமேல் தள்ளுகிறவர்களுக்கு இந்தப் பாடம் தேவையே இல்லை.

சைக்கிளுக்கும் குண்டுக்கும் பழைய உறவு. பாரிஸ் நகரத்து ழூல் சூரிரே என்னும் சைக்கிள் தொழிலாளர் 1869-ல் சக்கரத்துக்கான குண்டு பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். குண்டு ஒரே அளவில் இல்லாவிட்டால் பேரிங் என்பதே பயனற்றது. அந்தக் காலத்தில் ஒரே அளவில் செய்வதுதான் பெரும்பாடாக இருந்தது. ஜெர்மனியில் ஷ்வைன்ஃபுர்ட் என்னும் ஊரில் ஃப்ரீட்ரிக் ஃபிஷர் 1883-ல் எஃகுக் குண்டுகளை ஒரே அளவில், உருண்டை பிசகாமல் அரைத்தெடுக்கும் எந்திரத்தை அமைத்தார். அதன் பிறகே குண்டு மலிவாகிச் சாதாரண மனிதனின் வண்டிக்குள் வந்தது. இன்று மோட்டார், மின்விசிறி, கிணற்றுப் பம்பு எல்லாவற்றிலும் சுழல்கிற குண்டு பேரிங் பெருவாரியாகப் புழக்கத்துக்கு வந்தது சைக்கிளால்தான். நம் பக்கம் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949-ல் ஏற்பட்டது. அங்கிருந்து வந்த ஹெர்குலிஸ் வண்டிகளின் ஹப்பில் இருந்த அமைப்பு, இன்று கடையில் வாங்கும் சாதாரண வண்டியிலும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

முன் சக்கரத்தில் பொதுவாக 3/16 அங்குலக் குண்டு, பக்கத்துக்கு 10. பின் சக்கரத்தில் 1/4 அங்குலக் குண்டு, பக்கத்துக்கு 9. மில்லிமீட்டரில் சொன்னால் 4.76, 6.35. ஆசாரிமார் கணக்கில் முன்னது ஒன்றரை நூல், பின்னது இரண்டு நூல். வண்டிக்கு வண்டி எண்ணிக்கை மாறலாம் என்பதால் கழற்றும்போதே எண்ணி ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் குண்டுகள் தகட்டுக் கூட்டுக்குள் கோத்து வரும். அந்தக் கூடு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதையும் குறித்து வையுங்கள்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. சைக்கிளில் அச்சு சுற்றுவதில்லை. ஹப்தான் அதைச் சுற்றி வருகிறது. ஓட்டுபவரின் பாரம் அச்சின் வழியே கீழ்நோக்கி அழுத்துகிறது. ஆகவே எந்த நேரத்திலும் அச்சுக்குக் கீழே இருக்கும் இரண்டு மூன்று குண்டுகளே பாரத்தைச் சுமக்கின்றன. மேலே இருப்பவை சும்மா வருகின்றன. சுற்றுகிற கப், தன் வட்டம் முழுவதையும் மாற்றி மாற்றிக் காட்டுவதால் தேய்மானத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது. சுற்றாத கோனுக்கு அந்த வசதி இல்லை. அதன் அடிப்பக்கத்து ஒரே இடத்தில் எல்லா அடியும் விழுகிறது. 28 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 450 முறை சுற்றும். குமுளியிலிருந்து கம்பத்துக்கு இருபது கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 9,000 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் குண்டுகள் வரிசையாக அந்த ஒரே இடத்தை மிதித்துப் போகின்றன. அதனால்தான் முதலில் குழி விழுவது கோனில்.

இதில் நமக்கு ஒரு லாபமும் உண்டு. கோனும் குண்டும் மலிவான பொருள்கள், ஐந்து நிமிடத்தில் மாற்றலாம். கப் கெட்டுப்போனால் அப்படி முடியாது. அதை ஹப்பிலிருந்து தட்டி எடுத்துப் புதியதை நேராக அழுத்தி இறக்க வேண்டும். அதற்குக் கப் கிடைக்காவிட்டால் ஹப்பையே மாற்ற வேண்டும். ஹப்பை மாற்றுவது என்றால் முன் சக்கரத்தில் 32, பின் சக்கரத்தில் 40 என்று பழைய வழக்கப்படி இருக்கும் கம்பிகள் அத்தனையையும் அவிழ்த்து, மறுபடி கோத்து, கோட்டம் எடுக்க வேண்டும். கோன் கெட்டதைக் கவனிக்காமல் ஓட்டினால், உதிர்ந்த எஃகுத் துகள் கிரீஸோடு கலந்து அரைக்கும் மாவாகிக் கப்பையும் தின்றுவிடும். கோனோடு போக வேண்டிய செலவு சக்கரத்துக்கே ஏறிவிடும்.

திறப்பதற்கு முன் பார்ப்பது

வண்டியை இருக்கையிலும் ஹேண்டில் பாரிலும் நிற்கும்படி தலைகீழாக வையுங்கள். ரிம்மை விரலால் பிடித்து இடமும் வலமுமாக அசையுங்கள். ஹப்பில் ஒரு மயிரிழை ஆட்டம் இருந்தாலும் ரிம்மில் அது பல மடங்காகத் தெரியும். 'டக் டக்' என்று கேட்டால் கோன் தளர்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. ரிம் அசையாமல் ஃபோர்க்கே அசைந்தால் கோளாறு ஹேண்டில் கழுத்தில். ஹப்பைக் குற்றம் சொல்லாதீர்கள்.

அடுத்து, சக்கரத்தை மெதுவாகச் சுற்றிவிட்டு, ஃபோர்க்கில் விரலை வைத்துப் பாருங்கள். கரகரப்பு விரலுக்கு வரும், காதுக்கு வராது. சக்கரம் நிற்கும் விதமும் செய்தி சொல்லும். நல்ல ஹப்பில் சக்கரம் சட்டென்று நிற்காது. காற்று அடிக்கும் வால்வு உள்ள பக்கம் சற்றுக் கனம் என்பதால், அது கீழே வந்து, ஊஞ்சல் போல் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் ஆடி அடங்கும். பின் சக்கரத்தில் செயினும் பிரீவீலும் இழுப்பதால் இந்தச் சோதனை அவ்வளவு தெளிவாக இராது. முன் சக்கரத்தில் நம்பலாம். ஆடாமல் ஓரிடத்தில் நின்றுவிட்டால் கோன் இறுக்கம். புது வண்டி என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். புது வண்டிகளில் கோன் அளவுக்கு மேல் இறுகியும், கிரீஸ் பேருக்குப் பூசியும் இருப்பதை அடிக்கடி காண்கிறோம்.

தேவையான சாமான்கள்

இரண்டு ஸ்பேனர் முக்கியம். பெரிய நட்டுக்குச் சாதாரணச் சைக்கிள் ஸ்பேனர் போதும். கோனுக்கு மட்டும் மெல்லிய தட்டை ஸ்பேனர் வேண்டும். கோனில் ஸ்பேனர் பிடிக்கும் இடம் ஒரு நாணயத்தின் தடிமன்தான் இருக்கும். சாதாரண ஸ்பேனர் அங்கே லாக் நட்டையும் சேர்த்துப் பிடித்துவிடும். ஒரு செட் கோன் ஸ்பேனர் வாங்கி நாலு வீட்டார் பகிர்ந்துகொள்ளலாம். பிறகு பனியன் வேஸ்ட், ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், இரண்டு தேங்காய்ச் சிரட்டை, விளிம்புள்ள ஒரு தாம்பாளம், கழுவ மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசல். பெட்ரோல் வேண்டாம்; எது ஆனாலும் அடுப்பங்கரையில் வேண்டாம்.

கிரீஸ், லாரிகளுக்கும் ஜீப்புகளுக்கும் போடும் லித்தியம் கிரீஸாக இருக்கட்டும். சின்ன டப்பா ஒன்று பல ஆண்டுக்கு வரும். தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம் பக்கம் நிறைய. தலைக்கு நல்லது, ஹப்புக்கு ஆகாது. 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். குமுளியின் காலைக் குளிரில் பாட்டிலிலேயே வெள்ளையாக நிற்பதைப் பார்க்கிறோமே. நாள் ஆக ஆகப் பிசின் போலவும் ஆகிவிடும். ஜீப்பிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயும் வேண்டாம். அதில் கரியும் உலோகத் தூளும் கலந்திருக்கும்.

முன் சக்கரம்

முதலில் முன் சக்கரத்தில் பழகுங்கள். வெளி நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தைக் கழற்றுங்கள். மட்கார்டுக் கம்பி, வாஷர், நட்டு என்று கழற்றுகிற வரிசையிலேயே ஒரு கம்பித் துண்டில் கோத்து வைத்தால் திரும்பப் பூட்டும்போது குழப்பம் வராது. அச்சு இரு பக்கமும் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை ஈர்க்குச்சியால் அளந்து ஒடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கத்துக் கோனை மட்டும் கழற்றினால் போதும். மறுபக்கத்துக் கோனையும் லாக் நட்டையும் தொடாதீர்கள். அவை அச்சோடு சேர்ந்தே வரட்டும். கழற்றும் பக்கம் இடப்பக்கமாக இருக்கட்டும். தட்டை ஸ்பேனரால் கோனை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்ற ஸ்பேனரால் லாக் நட்டை இடஞ்சுழியாகத் திருப்புங்கள். சில பழைய வண்டிகளின் முன் ஹப்பில் லாக் நட்டே இராது. கோனுக்கு அடுத்து ஃபோர்க், அதற்கு வெளியே நட்டு, அவ்வளவுதான். அப்படிப்பட்ட வண்டியில் சரிசெய்யும் கோன் எப்போதும் இடப்பக்கம் வர வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. சக்கரம் முன்னோக்கிச் சுற்றும்போது குண்டுகளின் இழுப்பு வலப்பக்கக் கோனை இறுக்கும் திசையிலும், இடப்பக்கக் கோனைத் தளர்த்தும் திசையிலும் இருக்கிறது. வலப்பக்கம் வைத்தால், நட்டு தளர்ந்த ஒரு நாளில் கோன் தானே உள்ளே ஏறிச் சக்கரத்தைப் பிடித்துவிடக் கூடும். தளர்ந்தால் ஆட்டம் கொடுத்து எச்சரிக்கும். பிடித்துக்கொண்டால் எச்சரிக்காது.

கோனைக் கழற்றும்போது சக்கரம் தாம்பாளத்தின் மேல், அதில் ஒரு பழந்துணி விரித்து, படுத்திருக்க வேண்டும். துணி இல்லாவிட்டால் குண்டு தெறித்து ஓடும். ஓடிய குண்டு அலமாரிக்கு அடியில்தான் போய் நிற்கும். அச்சை மெல்ல இழுத்தெடுத்து, இடப்பக்கத்துக் குண்டுகளை ஒரு சிரட்டையிலும் வலப்பக்கத்தவற்றை மற்றொன்றிலும் போடுங்கள். எண்ணுங்கள். பழைய கிரீஸுக்குள் ஒன்று ஒளிந்திருக்கும். கப்பின் மேல் இருக்கும் தூசித் தகட்டை நெம்ப வேண்டாம்; வளைந்தால் அது கோனை உரசும். பிரஷ் அதன் வழியாகவே உள்ளே போகும்.

வெளியே வந்த கிரீஸ் தேன் நிறமாக இருந்தால் நல்லது. கறுத்திருந்தால் தேய்மானம். மோர் போல் வெளுத்துக் கிடந்தால் உள்ளே மழைத் தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள். நம் ஊர் ஹப்புகளில் அதிகம் காண்பது இதுதான். செங்காவி நிறமாக இருந்தால் துரு தொடங்கிவிட்டது.

எல்லாவற்றையும் கழுவி, வேஸ்ட் துணியால் துடைத்து, வெயிலில் காய வையுங்கள். மண்ணெண்ணெய் ஈரத்தின் மேல் கிரீஸ் வைத்தால் கிரீஸ் கரைந்து இறங்கிவிடும். காய்ந்தபின் கோனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். குண்டு ஓடிய பாதை ஒரு பளபளப்பான கோடாக மட்டும் தெரிந்தால் அது நல்ல கோன். கோட்டின் ஒரு பக்கத்தில் அம்மைத் தழும்பு போல் பள்ளங்கள் இருந்தால் கோன் முடிந்தது. கண்ணில் சந்தேகம் இருந்தால் ஒரு பால் பாயிண்ட் பேனா முனையை அந்தப் பாதையில் ஓட்டுங்கள், பள்ளத்தில் தடுக்கும். கப்பையும் அப்படியே சோதியுங்கள். புதுக் கோன் வாங்கக் கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். மரையும் உயரமும் ஒத்துப்போக வேண்டும். புதுக் கோன் கிடைக்க நாலு நாள் ஆகும் என்றால், வண்டியில் பூட்டும்போது அச்சை அரைச் சுற்றுத் திருப்பி, குழி விழுந்த பக்கம் மேலே வரும்படி வைத்தால் அதுவரை ஓடும். சமதரையில் மட்டும் என்று சேர்த்துச் சொல்கிறேன்.

குண்டு விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். மங்கியிருந்தாலோ புள்ளி விழுந்திருந்தாலோ அந்தப் பக்கத்தின் அத்தனை குண்டுகளையும் மாற்றுங்கள். ஒன்று தொலைந்தது என்று ஒன்றை மட்டும் புதிதாகப் போடுவது பலரும் செய்வது. பழையவை கண்ணுக்குத் தெரியாத அளவு தேய்ந்து சிறுத்திருக்கும்; நடுவே புதியது ஒன்று நின்றால், தன் முறை வரும்போதெல்லாம் பாரம் முழுவதையும் அதுவே வாங்கும். அது உடைந்தால் உடைந்த துண்டு மற்றவற்றை உடைக்கும்.

கப்பில் விரலால் கிரீஸ் நிரப்பி, அதில் குண்டுகளை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். கிரீஸே பசைபோல் பிடித்துக்கொள்ளும். எண்ணிக்கை மறந்துபோனால், வட்டம் கொள்ளுமட்டும் குண்டுகளை வைத்துப் பாருங்கள். அவை நெருக்கியடித்து நின்றால் ஒன்றை எடுத்துவிடுங்கள். குண்டுகள் ஒன்றையொன்று நெருக்காமல் உருளக் கொஞ்சம் இடம் வேண்டும். மேலே இன்னொரு பூச்சுக் கிரீஸ் வைத்து, அச்சைச் செருகி, சக்கரத்தைத் திருப்பி மறுபக்கமும் அதேபோல் செய்யுங்கள். கோனைக் கையால் ஏற்றுங்கள். வெளியே பிதுங்கும் கிரீஸை உடனே துடைக்காமல் விடலாம். தூசித் தகட்டின் ஓரத்தில் ஒரு வளையமாக நிற்கும் கிரீஸ் மழைத் தண்ணீரை உள்ளே விடாது. ஹப்பைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாகக் குஞ்சம் கட்டுகிறோமே, அது ஹப்பின் வெளிப்பளபளப்புக்குத்தான்; உள்ளே போகும் தண்ணீரை அது தடுக்காது.

கோனை நிறுத்தும் இடம்

இதுவரை சொன்னதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் செய்துவிடும். இனி வருவதுதான் ஓவராயிலிங். இங்கே அவசரப்பட்டால் மேலே செய்ததெல்லாம் வீண்.

அச்சின் மரை மிக நெருக்கமானது. கோனை ஒரு முழுச் சுற்றுத் திருப்பினால் அது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நகரும். கால் சுற்றுக்குக் கால் மில்லிமீட்டர். நமக்குத் தேவையான வித்தியாசம் அதைவிடவும் சிறியது. ஆகவே கண்ணை நம்பாமல் விரலை நம்ப வேண்டும். கோனைக் கையால் குண்டுகளைத் தொடும்வரை ஏற்றுங்கள். இரண்டு மூன்று முறை அச்சைச் சுற்றிக் குண்டுகளைத் தத்தம் இடத்தில் உட்கார விடுங்கள். மறுபடி தொடும்வரை ஏற்றுங்கள். இப்போது அரைக்கால் சுற்று, அதாவது எட்டில் ஒரு பங்கு, பின்னால் விடுங்கள். வாஷரைப் போட்டு லாக் நட்டைக் கையால் இறக்குங்கள். கோனைத் தட்டை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள்.

இறுக்கியதும் அச்சைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தால், சற்று முன் சரியாக இருந்தது இப்போது இறுகியிருக்கும். பலரும் இங்கேதான் சலித்துப்போய் அப்படியே பூட்டிவிடுகிறார்கள். லாக் நட்டு கோனை உள்நோக்கித் தள்ளி, மரையில் இருந்த சிறு இடைவெளியையும் எடுத்துவிடுகிறது, அதுதான் காரணம். ஆகவே லாக் நட்டு தரப்போகும் அந்த இறுக்கத்துக்கு முன்கூட்டியே இடம் விட்டு வைக்க வேண்டும். நட்டைத் தளர்த்தி, கோனை இன்னும் ஒரு பொடி பின்னால் விட்டு, மீண்டும் இறுக்கிப் பாருங்கள். பழகிய கைக்கும் இரண்டு மூன்று முறை ஆகும். புதிய கைக்கு ஏழெட்டு முறை ஆகலாம். ஆகட்டும்.

சரியான இடம் எது என்றால்: அச்சை இரு விரலால் பிடித்துச் சுற்றும்போது வெண்ணெயில் சுற்றுவது போல் வழவழப்பாக இருக்க வேண்டும், எந்த இடத்திலும் கரகரப்போ தடையோ இருக்கக் கூடாது, மேலும் கீழும் அசைத்தால் ஆட்டமும் இருக்கக் கூடாது. இரண்டும் ஒருசேரக் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு, மிகக் குறுகலானது. எவ்வளவு முயன்றும் கிடைக்காமல், ஒரு இடத்தில் வழவழப்பும் அடுத்த இடத்தில் தடையுமாக மாறி மாறி வந்தால், அச்சு வளைந்திருக்கிறது அல்லது கோன் குழி விழுந்திருக்கிறது. அப்போது ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை. அச்சைக் கண்ணாடி மேசையில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும்.

ஆட்டம் கெடுதி என்று எல்லோருக்கும் தெரிகிறது. இறுக்கமும் அதே அளவு கெடுதி என்பது தெரிவதில்லை. இறுக்கமாக வைத்தால் பத்திரம் என்று நினைத்து ஒரு திருகு கூடுதலாகத் திருகுகிறவர்களை நிறையப் பார்க்கலாம். கோன் குண்டுகளை ஓயாமல் நசுக்கிக்கொண்டிருந்தால் பாரத்தைச் சுமக்காத மேல்பக்கத்துக் குண்டுகளும் அழுத்தத்தில் ஓடும். கிரீஸ் பிதுங்கி வெளியேறும். சில நாளில் கோன், கப் இரண்டிலும் குழி விழும். குழி விழுந்த பிறகு அந்த ஹப் ஆட்டம் கொடுக்கும்! அப்போது ஆட்டம் என்று மறுபடி இறுக்குவார்கள்.

பின் சக்கரம்

பின் சக்கரத்திலும் முறை இதேதான். செயினைத் தளர்த்திச் சக்கரத்தை வெளியே எடுக்க வேண்டும். பிரீவீல் வலப்பக்கம் இருப்பதால், இடப்பக்கக் கோனைக் கழற்றி, அச்சை வலப்பக்கமாக இழுத்தெடுங்கள். பிரீவீலைக் கழற்றாமலே வலப்பக்கக் கப்பைக் குச்சியில் சுற்றிய துணியால் துடைத்துவிடலாம். அதன் உள்ளே மண்ணெண்ணெயை ஊற்றாதீர்கள். பிரீவீலுக்குள் இருக்கும் எண்ணெயும் கழுவிப் போய்விடும். பிரீவீலைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். அதன் மூடி இடமரை, உள்ளே 1/8 அங்குலத்தில் பொடிக் குண்டுகள் ஏராளம். கொட்டினால் பொறுக்கி முடியாது. கேட்கும் சத்தம் 'டிக் டிக்' என்று சீராக இருந்தால் இரண்டு சொட்டு எண்ணெய் போதும்.

கியர் வண்டிகளில் அச்சுக்குள் துளையிட்டு நெம்புகோலால் பூட்டும் ஹப் சிலவற்றில் உண்டு. நெம்புகோலை மடக்கும்போது அச்சு சற்றே அழுந்திக் கோன் இறுகும். ஆகவே கையில் வைத்துப் பார்க்கும்போது மிகச் சிறிய ஆட்டம் இருக்கும்படி விட்டு, வண்டியில் பூட்டிய பின் ஆட்டம் மறைகிறதா என்று பார்க்க வேண்டும். முழுக்க மூடிய பேரிங் கொண்ட ஹப்புக்கு இந்தப் பாடம் பொருந்தாது. அதைத் திறப்பதில்லை, பேரிங்கையே மாற்றுகிறார்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை போதும்: மே மாதம் மழைக்கு முன் ஒன்று, வடகிழக்கு மழை ஓய்ந்த ஜனவரியில் ஒன்று. ஹப் முழுகும் அளவு தண்ணீரில் வண்டியை இறக்கியிருந்தால் நாள் பார்க்க வேண்டாம், அந்த வாரமே திறந்துவிடுங்கள். ஜீப் கழுவும் இடத்தில் சைக்கிளையும் நிறுத்தி வேகக் குழாயைக் காட்டுவது ஒரு புது வழக்கமாக இருக்கிறது. அந்த வேகத்துக்கு எந்தத் தூசித் தகடும் நிற்காது. ஹப்பின் மேல் எண்ணெய் விடும் சிறு துளையும் அதை மூடும் வளையமும் உள்ள பழைய வண்டி உங்களிடம் இருந்தால், மாதம் ஒருமுறை இரண்டு சொட்டு விடுங்கள். வளையத்தைத் திரும்ப மூட மறக்காதீர்கள்.

சக்கரத்தை வண்டியில் பூட்டி, ஈர்க்குச்சி அளவுப்படி அச்சு இரு பக்கமும் சமமாக இருக்கிறதா, ரிம் ஃபோர்க்கின் நடுவே நிற்கிறதா என்று பார்த்து, நட்டுகளை இரு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். பின் மறுபடி ரிம்மை அசைத்துப் பாருங்கள். வெளி நட்டை இறுக்கும்போது கோன் நகர்ந்திருக்கக் கூடும், முக்கியமாக லாக் நட்டு இல்லாத ஹப்பில். இரண்டு மூன்று நாள் சமதரையில் ஓட்டியபின், குண்டும் கிரீஸும் நன்றாக உட்கார்ந்திருக்கும். அப்போது ஒருமுறை ஆட்டம் பார்த்து, தேவையானால் கோனைச் சரிசெய்யுங்கள். அதுவரை லோயர் கேம்ப் இறக்கத்துக்குப் பிள்ளைகளை விடாதீர்கள்.

பெடலிலும் ஹேண்டில் கழுத்திலும் நடு அச்சிலும் இதே குண்டும் கோனும்தான், அளவுதான் வேறு. நடு அச்சில் பொதுவாகப் பக்கத்துக்கு 11 கால் அங்குலக் குண்டுகள் இருக்கும். அதைத் திறக்கக் காட்டர் பின்னைத் தட்டி எடுக்க வேண்டும்; அது சுத்தியலும் பொறுமையும் சேர்ந்த தனி வேலை. அதை அடுத்த பாடத்தில் பார்ப்போம்.